நானுஓயாவுக்கு அப்பால் ஒரு பாத்தி

வெங்காயத்தையே நட்டு வெங்காயத்தைப் பிடுங்குகிற ஊரிலே பிறந்தவன் நான். யாழ்ப்பாணத்துச் செம்மண் பூமியில், கோண்டாவிலிலும் உரும்பிராயிலும் சுன்னாகத்திலும், கிணற்று நீரை வாய்க்கால் வழியே பாத்திக்குப் பாத்தி திருப்பிவிட்டு வளர்க்கப்படும் சின்ன வெங்காயம், போன போகத்தில் பிடுங்கிப் பிடிபிடியாகக் கட்டி வீட்டு வளையிலே தொங்கவிட்ட காயிலிருந்தே மறு போகத்தில் முளைக்கிறது. ஆகையால் அந்த ஜாதிப் பயிருக்கு விதை என்று வேறொரு வஸ்து உண்டென்பதே என் பாலியத்தில் எனக்குத் தெரியாது. பூத்தண்டை இளசாகக் கிள்ளி வந்து வெங்காயப்பூ வறை செய்து உண்டோமே அல்லாமல், அந்தப் பூவை முற்றவிட்டு அதன் வயிற்றில் என்ன இருக்கிறதென்று பார்க்கும் பொறுமை எங்கள் வீட்டில் யாருக்கும் வாய்த்ததில்லை.

மலைநாட்டுப் பாடசாலை ஒன்றில் ஆசிரியராக இருக்கும் என் நண்பர், தம் தாயார் தேயிலைத் தோட்டத்து லயத்துக்குப் பின்னாலுள்ள துண்டு நிலத்தில் வெங்காய ஜாதியைச் சேர்ந்த லீக்ஸ் பயிரை விதையிலிருந்தே வளர்த்துவருகிறார் என்றும், வெங்காயக்காரன் மகனாகிய நான் அதை அவசியம் வந்து பார்க்கவேண்டும் என்றும் பல முறை எழுதியிருந்தார். 'அம்மா இருபது நாளுக்கு ஒரு பாத்தியாகப் போடுகிறவர். தை பிற்பகுதியில் வந்தால் விதை முதல் கறி வரைக்கும் எல்லாவற்றையும் இரண்டே நாளில் பார்த்துவிடலாம்' என்று அவர் கடைசியாக எழுதிய கடிதம் என்னைப் பிரயாணத்துக்குக் கிளப்பிவிட்டது.

கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை செல்லும் உடரட்ட மெனிக்கே வண்டியில் இடம்பிடித்து உட்கார்ந்தேன். ரம்புக்கனை வரை நெல்வயலும் தென்னையுமாகக் கிடந்த தேசம், அதற்கப்பால் கடுகண்ணாவை ஏற்றத்தில் சட்டென்று செங்குத்தாகிவிடுகிறது. நாவலப்பிட்டியைத் தாண்டிய பிறகு தேயிலையைத் தவிர வேறொன்றும் கண்ணில் படுவதில்லை. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவே சிங்கமலைச் சுரங்கத்தின் இருளுக்குள் வண்டி புகுந்தபோது பெட்டியிலிருந்த குழந்தைகளெல்லாம் ஒரே குரலாகக் கூவின. வெளியே வந்தபோது காற்று வேறு காற்றாக இருந்தது. தலவாக்கலைப் பக்கம் செயின்ட் கிளேயர் அருவி தூரத்தில் ஒரு வெள்ளைத் துணியைப் போலத் தோன்றி மறைந்தது. ரயில் பாதை 1885இல் நானுஓயாவை எட்டிய நாள்முதல் நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் எல்லாரும் இறங்குகிற அந்தச் சிறிய ஸ்டேஷனிலே நான் இறங்கியபொழுது, நண்பர் கழுத்தில் கம்பளித்துணியைச் சுற்றிக்கொண்டு நின்றிருந்தார். எனக்கும் ஒன்று கையில் வைத்திருந்தார்.

நுவரெலியா பட்டினம் கடல்மட்டத்துக்கு 1868 மீட்டர் உயரத்தில், 2524 மீட்டர் உயரமுள்ள பீதுருதலாகலையின் அடிவாரத்தில் அமைந்திருக்கிறது. பட்டினத்தின் கட்டடங்களைப் பற்றியும் கிரகரி வாவியைப் பற்றியும் எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் பார்க்கப் போனது பாத்திகளை. சீதா எலிய வழியாக ஹக்கலைக்குப் போகும் பாதையிலும் கந்தப்பளைச் சாலையிலும் மலைச் சரிவுகளைப் படிப்படியாக வெட்டிக் கல் அடுக்கி, ஒவ்வொரு படியிலும் கோவா, கரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு என்று வைத்திருக்கிறார்கள். அவற்றுக்கு நடுவே நீலம் கலந்த பச்சையாக, விசிறி மடித்தாற்போல இரு பக்கமும் இலை விரிந்து, வரிசை வரிசையாக நிற்பது லீக்ஸ். தூரத்திலிருந்து பார்த்தால் உள்ளியோ என்று தோன்றும். கிட்டப்போய் இலையைக் கசக்கினால் வெங்காயத்தின் வாசனை, ஆனால் கண்ணைக் கரிக்காத ஒரு சாந்தமான வாசனை.

இந்தப் பயிருக்குத் தமிழ் வழக்கிலே தனிப் பெயர் இல்லை. ஆங்கிலத்தில் பன்மையாக வழங்கிய சொல்லையே ஒருமையாக ஏற்றுக்கொண்டு, 'ஒரு லீக்ஸ்', 'ரெண்டு லீக்ஸ்' என்று மலைநாட்டிலும் சந்தையிலும் சகஜமாகச் சொல்கிறார்கள்; சிங்களவரும் அப்படியே. எகிப்திலிருந்து புறப்பட்ட இஸ்ரவேல் ஜனங்கள் வனாந்தரத்திலே அலைந்தபோது தாங்கள் விட்டுவந்த வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து ஏங்கினார்கள் என்று விவிலியத்தின் எண்ணாகமம் சொல்கிறதல்லவா, அந்த இடத்திலே ஆங்கில வேதத்தில் லீக்ஸும் இருக்கிறது; தமிழ் வேதத்தை மொழிபெயர்த்தவர்கள் தமிழனுக்குத் தெரியாத அந்தப் பொருளுக்குக் 'கீரை' என்று போட்டுவிட்டு மேலே போய்விட்டார்கள். அது அவர்கள் குற்றம் அன்று. இன்று மொழிபெயர்ப்பவர்கள் நுவரெலியாவுக்கு ஒரு நடை வந்து போனால் லீக்ஸ் என்றே எழுதிவிடலாம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

இந்த மலையில் ஐரோப்பியக் காய்கறிகள் வேரூன்றிய கதையைச் சொல்லும்போது, பிற்காலத்தில் ஆபிரிக்காவில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் பிரசித்தி பெற்ற சாமுவேல் பேக்கரை விட்டுவிட முடியாது. நோயிலிருந்து தேறுவதற்காக நுவரெலியாவுக்கு வந்த அவர், இதன் குளிர்ச்சியில் மயங்கி, 1848இல் இங்கிலாந்திலிருந்து குடியானவர்களையும் கால்நடைகளையும் கலப்பைகளையும் கப்பலேற்றிக் கொண்டுவந்து இங்கே ஓர் ஆங்கிலக் கிராமத்தையே நிறுவ முயன்றார். இலங்கையில் கழித்த எட்டு வருஷங்களைப் பற்றி 1855இல் அவர் வெளியிட்ட நூலிலே, பார்வைக்குக் கறுத்துச் செழித்துத் தோன்றிய இந்த மண் உள்ளபடியே சாரமற்றது என்பதையும், எருவிட்டு நாளடைவில் அதை மண்ணாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது என்பதையும் அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பேக்கருக்குக் காளைகளும் வண்டிகளும் கையில் பணமும் இருந்தன. நண்பரின் தாயாரிடத்தில் என்ன இருந்தது என்பதைப் பார்க்கவே நான் அன்று மாலை மலை ஏறினேன்.

தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் பாதையின் முடிவிலே அந்த லயம் இருந்தது. ஒரே கூரையின் கீழ் முதுகோடு முதுகு ஒட்டிய காம்பராக்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சிறு ஸ்தோப்பு. கோப்பிக் காலத்திலே தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாகக் காடு கடந்து வந்தவர்களுக்காக ஏற்பட்ட மாதிரி, கோப்பி அழிந்து தேயிலை வந்த பிறகும், வெள்ளைக்காரத் துரைமார் போன பிறகும் பெரிதாக மாறாத மாதிரி. காம்பரா அவர்களுடையதன்று, தோட்டத்தினுடையது. தலைமுறை தலைமுறையாக இந்த மலையைக் கொத்திக் கவ்வாத்து வெட்டிக் கொழுந்தெடுத்து வந்த அந்த ஜனங்கள், தங்கள் கையால் தங்களுக்கென்று எதையாவது நட்டுப் பார்க்க இடம் கிடைத்தது லயத்துக்குப் பக்கத்திலும் கானோரத்திலும் எஞ்சிய துண்டுகளில்தான். நண்பரின் தாயாருடைய நிலமும் அவ்விதமான ஒரு துண்டே. நீளம் நாற்பது அடி இருக்கலாம். அகலம் ஓரிடத்தில் பன்னிரண்டு, ஓரிடத்தில் ஏழு. ஒரு பக்கம் கல் அடுக்கு, மறு பக்கம் மழைநீர் ஓடும் கான்.

எழுபதைக் கடந்த அந்த அம்மையார் கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்திய தடம் இன்னும் மாறாத நெற்றியோடு என்னை வாசலிலே வரவேற்று, "வாங்க தம்பி, குளிருல வந்திருக்கீங்க, மொதல்ல தேத்தண்ணி குடிங்க" என்று சொல்லி இஞ்சி தட்டிப்போட்ட சாயத் தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும் வரை பாத்தியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. கோப்பையை வைத்த பிறகே, "வாங்க, வெளிச்சம் இருக்கையிலயே பாத்துருவோம்" என்று எழுந்தார்.

அவர் முதலில் காட்டியது பயிரை அன்று, அடுப்பை. லயத்து அடுப்பிலே எரிவது தேயிலைக் குச்சி. சில வருஷங்களுக்கு ஒரு முறை செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கழிகிற கிளைகளைக் கட்டிக்கொண்டு வந்து காய வைத்து எரிக்கிறார்கள். அந்தச் சாம்பலைத் தினமும் வாரிப் பழைய தகரப் பீப்பா ஒன்றிலே நனையாமல் மூடிவைத்திருந்தார். "தேயிலைக்குப் புளிச்ச மண்ணு வேணும் தம்பி. லீக்ஸுக்குப் புளிப்பு ஆகாது. புளிப்புல போட்டா மஞ்சளிச்சுப் போயி, கம்பி மாதிரி நிக்கும், பருக்காது" என்று அவர் சொன்னது, விவசாய சாஸ்திரிகள் எண்களில் சொல்லும் அதே உண்மைதான். தேயிலை நன்றாக வளர்வது மண்ணின் அமிலத்தன்மைக் குறியீடு 4.5க்கும் 5.5க்கும் இடைப்பட்ட புளிப்பு மண்ணில். லீக்ஸ் கேட்பது 6க்கும் 7க்கும் இடைப்பட்ட மண்ணை. சுண்ணாம்பும் சாம்பலும் அந்த இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புகின்றன. புளிப்பு மண்ணிலே வளர்ந்த தேயிலையை எரித்து, அதன் சாம்பலாலேயே அந்த மண்ணின் புளிப்பை ஆற்றுகிற இந்தக் காரியத்தை முப்பது வருஷமாக அந்த அம்மையார் செய்துவருகிறார். மாட்டெருவும் சாம்பலும் கொழுந்துச் சருகும் கலந்து கலந்து, அந்தத் துண்டு நிலத்து மண் பக்கத்துத் தேயிலை மலையின் செங்கபில மண்ணிலிருந்து அடியோடு வேறுபட்டு, கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிர்கிற கறுப்பு மண்ணாகி இருந்தது. குழி தோண்டி எனக்கு ஒரு முழ ஆழம் வரை காட்டினார். அதற்குக் கீழே பழைய செம்மண் அப்படியே கிடந்தது.

பிறகு தவறணைக்கு அழைத்துப் போனார். எங்கள் யாழ்ப்பாணத்திலே தவறணை என்றால் கள்ளுக்கடை. மலைநாட்டுத் தோட்டங்களில் அதே சொல் நாற்றுமேடையைக் குறிக்கிறது. ஒரு பாஷையைப் பேசுகிற இரண்டு ஜனங்கள் ஒரு சிறிய தீவுக்குள்ளே எவ்வளவு தூரத்தில் வாழ்ந்திருக்கிறோம் என்று அந்தச் சொல் என்னை அங்கேயே நிறுத்திவிட்டது. மூன்றடி அகலத்துக்கு மேட்டுப் பாத்தி அமைத்து, அதன் மேல் காய்ந்த மானாப்புல்லையும் சுள்ளியையும் பரப்பிக் கொளுத்தி, மண்ணிலுள்ள பூஞ்சணமும் புழுமுட்டையும் களைவித்தும் சுட்டுப்போகும்படி செய்து, ஆறிய பிறகு கொத்திக் கட்டி உடைத்து, தென்னமட்டையின் முனையால் நான்கு விரல்கடை தூரத்துக்கு ஒரு கோடாக இழுத்திருந்தார். விதையைப் பால்மா டின் ஒன்றிலிருந்து என் உள்ளங்கையில் கொட்டினார்.

கருஞ்சீரகம் என்றே நினைத்தேன். அதே கறுப்பு, அதே மூன்று மூலை, அதே சுருக்கம்; நாக்கில் வைத்தால்தான் வேறென்று தெரியும். வெங்காய ஜாதியின் விதையை என் ஆயுளில் முதன்முதலாகக் கையில் ஏந்தி நான் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மையார் அதைச் சிட்டிகை சிட்டிகையாக எடுத்துக் கோட்டிலே தூவி, அரை விரல் கனத்துக்கு மண்ணைத் தள்ளி மூடி, மானாப்புல்லைப் பரப்பி, பூவாளி இல்லாத குறைக்கு ஆணியால் துளைத்த தகர டின்னாலே மழைபோல் நீர் தெளித்தார். "நாளைக்கு வந்து பாக்கணும்னு தோணும். பாக்கக்கூடாது. பன்னெண்டு நாளு, பனி கூடினா பதினஞ்சு நாளு. அதுக்குள்ள கிண்டிப் பாத்தோம்னா கெட்டுப்போகும்." இந்த விதை சீக்கிரத்தில் உயிர்விடுகிற விதை, ஒரு வருஷம் வைத்திருக்கலாம், இரண்டாவது வருஷத்தில் பாதி முளைத்தாலும் அதிருஷ்டம். நெல்லையும் பயறையும் போல இதைப் பத்தாயத்தில் போட்டு மறந்துவிட முடியாது.

பக்கத்துத் தவறணை இரண்டு வாரத்துக்கு முன் விதைத்தது. அங்கே புல்லை விலக்கி, குனிந்து பார்க்கச் சொன்னார். முழந்தாளிட்டு, முகத்தை மண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்த்தேன். மற்றப் பல செடிகள் முளைக்கும்போது தலை நிமிர்ந்து இரண்டு இலையை விரிப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். இதுவோ முளைக்கும்போதே இரண்டாய் மடிந்து, நூல் கோத்த ஊசியின் காதுபோல ஒரு பச்சை வளையமாக மண்ணைத் துளைத்துக்கொண்டு வருகிறது. இரண்டு நுனியும் மண்ணுக்குள்ளே. வளைவு மட்டும் வெளியே. ஒரு நுனி வேராக இறங்கிக்கொண்டிருக்க, மறு நுனி இன்னமும் விதையின் வயிற்றைப் பற்றிக்கொண்டு அதன் சத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. சற்று முன்னால் முளைத்த வரிசையிலே அந்த நுனி மண்ணிலிருந்து விடுபட்டு மேலே எழும்பி, கறுத்த விதைத்தோலை ஒரு குல்லாய்போலத் தலையில் சுமந்தபடி நின்றது. அதற்கும் முந்திய வரிசையில் தோல் விழுந்து, முளைகள் நேராக நிமிர்ந்து, புல்லா பயிரா என்று பிரித்தறிய முடியாத பச்சை இழைகளாய் நின்றன. வளையமும் குல்லாயும் நிமிர்ந்த இழையுமாக மூன்று நிலைகளையும் ஒரு முழத்துக்குள் பார்த்தேன். எத்தனை நேரம் அப்படியே இருந்தேனோ, எழுந்தபோது முழங்காலில் ஈரம் ஊறியிருந்தது.

மறுநாள் விடியற்காலை உறைபனி பெய்திருந்தது. கானோரத்துப் புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல வெளுத்து, பள்ளத்திலிருந்த தேயிலையின் இளந்தளிர் சில இடங்களில் வெந்ததுபோலக் கறுத்துவிட்டது. லீக்ஸ் இலைகளின் மீதும் பனி படிந்திருந்தது. வெயில் ஏறியதும் அது உருகி வடிந்தது, இலைக்கு ஒரு சேதமும் இல்லை. "இதுக்குக் குளிருன்னா ஒரு சொகம்" என்றார் அம்மையார். அவருக்குத்தான் கை விறைத்திருந்தது. அதை அடுப்பிலே காட்டிச் சூடேற்றிக்கொண்டு நடுகைக்குப் புறப்பட்டார்.

இரண்டு மாதத்து நாற்று, பென்சில் கனம் ஆனதும் பிடுங்கத் தகுதியாகிறது. ஈரமாக்கிய தவறணையிலிருந்து வேர் அறாமல் கிளப்பி, கட்டாகக் கட்டி, வேரை ஓர் அங்குலம் விட்டு அரிவாளால் நறுக்கினார். இலை நுனியையும் ஒரு பங்கு நறுக்கினார். வெங்காயத்து வேரிலே கை வைக்க என் தகப்பனார் சம்மதித்திருக்கமாட்டார் என்று நான் சொன்னபோது, நீண்ட வேர் குழிக்குள் மேல்நோக்கி மடங்கிக்கொண்டால் பயிர் வாரக்கணக்கில் அசையாமல் நிற்கும் என்று விளக்கினார். பிறகு, தேயிலைக் கன்றுக்குக் குழி போடப் பயன்பட்டு முறிந்துபோன பழைய அலவாங்கு ஒன்றை எடுத்து, நேராக ஒரு சாண் ஆழத்துக்குக் குத்தி, சற்றே ஆட்டி உருவினார். வாய் அகன்ற வட்டக் குழி. நாற்றை அதற்குள் போட்டார். நுனி மட்டும் இரண்டு விரல்கடை வெளியே தெரிந்தது. நான் மண்ணைத் தள்ளக் கை நீட்டினேன்.

"வேணாம் தம்பி, மூடாதீங்க. தண்ணி மட்டும் ஊத்துங்க. மண்ணை அதுவே இழுத்துக்கும்."

செம்பு நீரை ஊற்றினேன். குழியின் சுவரிலிருந்து கொஞ்சம் மண் கரைந்து இறங்கி வேரை மட்டும் மூடிற்று; குழி குழியாகவே திறந்திருந்தது. கையளவு தூரத்துக்கு ஒன்றாக நூற்றைம்பது குழிகள் குத்தி நூற்றைம்பது நாற்றுகளை நாங்கள் மூவரும் அவ்விதமே இறக்கினோம். லீக்ஸின் அடியிலே வெங்காயம் கட்டுவதில்லை. நாம் உண்கிற வெள்ளைத் தண்டும் உண்மையில் தண்டன்று, ஒன்றை ஒன்று இறுகச் சுற்றிய இலையடிகளின் சுருள். வெளிச்சம் படாத மட்டுக்கும் அது வெளுத்து, மெத்தென்று, தித்திப்பாக இருக்கிறது. வெளிச்சம் பட்டால் பச்சையாகிக் கடுத்துவிடுகிறது. ஆகவே அந்தத் திறந்த குழி மழைக்கு மழை கொஞ்சங் கொஞ்சமாகத் தூர்ந்து வருவதும், அது முழுவதும் தூர்ந்த பிறகு இரு பக்கத்து மண்ணையும் இரண்டு தடவை அணைத்து மேடு கட்டுவதும்தான் இந்தப் பயிருக்குச் செய்கிற முக்கியமான பணிவிடை. அணைக்கும்போது இலை பிரிகிற கவட்டுக்குள் மண் விழாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். விழுந்தால் அது கறிச்சட்டி வரை வந்து பல்லில் நெறிபடும்.

முதிர்ந்த பாத்தியிலே சில இலைகளில் மஞ்சட்சிவப்பாகப் புள்ளிகள் எழும்பியிருந்தன. விரலால் தடவினால் தூள் ஒட்டிக்கொண்டது. துரு நோய். 1869இல் முதன்முதலாகக் கண்ணில் பட்டு, பிறகு சில வருஷங்களுக்குள் இலங்கையின் கோப்பித் தோட்டங்களையெல்லாம் துடைத்துவிட்டுப் போனதும் ஒரு துரு நோய்தான். அது வேறு பூஞ்சணம், இது வேறு. அது இந்த மலையின் சரித்திரத்தையே மாற்றிற்று. இதற்கு அந்த அம்மையார் செய்தது புள்ளி விழுந்த இலைகளை மட்டும் கிள்ளி அடுப்பிலே போட்டதுதான். பாத்தியை நெருக்கி நட்டதுதான் தப்பு என்றும், காற்றோட்டம் இருந்திருந்தால் வந்திராது என்றும் தம்மையே நொந்துகொண்டார்.

பகல் சாப்பாட்டுக்கு நாலு லீக்ஸைப் பிடுங்கினார். பிடுங்கினார் என்பது சரியன்று. அலவாங்கை அடியில் விட்டு நெம்பி, முனகலோடு மண் விட்டுக்கொடுக்கும் வரை காத்திருந்து எடுத்தார். ஒன்றரைச் சாண் நீளத்துக்கு வெள்ளை, அதன் அடியிலே வெள்ளைத் தாடிபோல வேர். மேலே கத்தியால் நீளவாக்கில் பிளந்து, ஓடுகிற பீலித் தண்ணீரில் புத்தகத்தின் ஏடுகளை விரிப்பதுபோல ஒவ்வொரு மடலாக விரித்துக் கழுவினார். ஐரோப்பிய முறைச் சமையலில் பச்சைப் பகுதியைப் பெரும்பாலும் கழித்துவிடுகிறார்கள். இங்கே முனையிலிருந்த காய்ந்த இரண்டு அங்குலம் தவிர ஒன்றும் வீணாகவில்லை. மெல்லிய வளையங்களாக அரிந்து, கடுகும் இடித்த செத்தல் மிளகாயும் மாசிக் கருவாட்டுத் துண்டும் தாளித்த எண்ணெயிலே கொட்டி, மூடாமல், பச்சை நிறம் மாறுவதற்குள் இறக்கினார். சுடச்சுடத் தேங்காய் ரொட்டியோடு ஸ்தோப்பில் உட்கார்ந்து உண்டோம். வெங்காயத்தின் காரம் அங்கே இல்லை. அதன் தித்திப்பு மட்டும் இருந்தது.

உண்டு முடித்தபிறகு, பாத்தியின் கோடியிலே வேலியோரமாக அறுக்காமல் விட்டிருந்த ஏழெட்டுச் செடிகளைப் பற்றிக் கேட்டேன். ஆளுயரத்துக்கு நீண்ட தண்டின் உச்சியில், தேங்காய்ப்பூவை உருட்டி வைத்ததுபோல உருண்டைப் பூங்கொத்து. நூற்றுக்கணக்கான சிறு பூக்கள், வெண்மையில் ஊதா ஓடியவை, தேனீ மொய்த்துக்கொண்டிருந்தது. கடையிலே விதை வாங்கலாமே, ஏன் இத்தனை மாதம் இடத்தை அடைத்து இவற்றை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். நண்பர் தாயாரின் முகத்தைப் பார்த்தார். அம்மையார் சற்று நேரம் பேசவில்லை.

"இது எங்க அண்ணன் வெதை" என்றார்.

1948இல் சட்டம் செய்து இந்த ஜனங்களைப் பிரஜாவுரிமை அற்றவர்களாக்கியதும், 1964இல் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கையிலே 5,25,000 பேர் இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேர் இலங்கைக்கென்றும் காகிதத்தில் பங்கிடப்பட்டதும் சரித்திரப் புத்தகங்களில் இருக்கின்றன. ஒரே காம்பராவில் பிறந்த அண்ணனும் தங்கையும் அந்தப் பங்கீட்டில் இரண்டு பக்கமாகப் போனார்கள். 'ஒப்பாரிக் கோச்சி' என்று மலைநாட்டார் பெயரிட்ட ரயிலிலே ஏறித் தலைமன்னாருக்குப் போய், கப்பலில் ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களுள் அவர் அண்ணனும் ஒருவர். இவ்விதம் அனுப்பப்பட்டவர்களுக்கென்று 1968இல் தமிழ்நாட்டு அரசாங்கம் நீலகிரியிலே தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் ஒன்றில், கோத்தகிரிப் பக்கத்தில், அவருக்கு வேலை கிடைத்தது. போகும்போது தலைப்பாத் துணியின் முனையிலே முடிந்துகொண்டு போனது இந்தத் துண்டு நிலத்தில் தாமே எடுத்த லீக்ஸ் விதை. முகாமிலும் வழியிலும் மாதங்கள் கழிந்து, வெக்கையில் கிடந்து, கடைசியில் விதைத்தபோது நாலே நாலு முளைத்ததாம். அந்த நாலையும் அவர் அறுக்கவில்லை, பூக்கவிட்டார்.

"அங்கருந்து ஒரு வருசம் தபால்ல எனக்கு வெதை வந்துச்சு தம்பி. கடுதாசி ஒண்ணும் இல்ல, வெதை மட்டும். இங்க நான் வச்சிருந்தது அந்த வருசம் மழையில அழுகிப் போச்சு. அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஆனா வந்துச்சு." அதன் பிறகு ஒருவருக்கொருவர் வருஷந் தவறாமல் அனுப்பிக்கொண்டார்கள். அண்ணன் காலமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. அவர் மக்கள் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். அங்கே லீக்ஸ் வளர்க்க இடமும் இல்லை, குளிரும் இல்லை. ஆகையால் இப்போது இந்த விதை இருக்கிற இடம் இந்த ஒரு வேலியோரம்தான். பூ காய்ந்து, பந்திலே வெடிப்பு விழுந்து உள்ளே கறுப்புத் தெரியும்போது தலையைக் கொய்து காகிதப் பைக்குள் தலைகீழாகத் தொங்கவிட்டு, உதிர்ந்ததை முறத்தில் புடைத்து, அடுப்புக்கரித் துண்டு ஒன்றோடு டின்னில் அடைத்து வைக்கிறார்.

நான் புறப்பட்டபோது அந்த டின்னைத் திறந்து, பழைய நாட்காட்டித் தாளில் இரண்டு சிட்டிகை மடித்துக் கையில் கொடுத்தார். "ஒங்க ஊரு வெக்கையில வருமான்னு தெரியல. கார்த்திகையில போடுங்க. அடுத்த வருசத்துக்கு வைக்காதீங்க, செத்துப்போகும்." நானுஓயா ஸ்டேஷனில் வண்டி வரும் வரை அந்தப் பொட்டலத்தை நான் சட்டைப் பையிலே வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன்.

கார்த்திகை மழை விட்ட ஒரு காலையில், கோண்டாவிலில் கிணற்றடி நிழலில், வைக்கோலைக் கொளுத்தி ஆற்றிய மூன்றடித் தவறணையிலே அதை விதைத்தேன். எங்கள் மண்ணுக்குச் சாம்பல் தேவையில்லை; சுண்ணாம்புக் கல்லின் மேல் படுத்திருக்கிற மண் இது. பதினோராம் நாள் முதல் வளையம் தெரிந்தது. தையிலே நட்டேன். மாசி வெயில் ஏறத் தொடங்கியதும் இலைநுனி காய்ந்தது, இலைப்பேன் விழுந்தது, வேப்பம்புண்ணாக்குக் கரைசல் தெளித்தேன், அணைத்தேன், ஓலை வெட்டிப் பந்தலிட்டேன். சித்திரையில் ஒன்றைத் தோண்டிப் பார்த்தேன். சுட்டுவிரல் கனம், வெள்ளை மூன்று அங்குலம்.

ஐம்பது வருஷமாக வெங்காயம் நட்ட என் தாயார் அதைக் கையில் வாங்கி, அடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வேரைத் தட்டி மண்ணை உதிர்த்து, "இதிலை வெங்காயம் எங்கை மோனை?" என்று கேட்டார். இல்லை அம்மா, இது இவ்வளவுதான் என்றேன். அவர் ஒரு மடலைக் கிள்ளி வாயில் போட்டு மென்றுவிட்டு, மிச்சம் எத்தனை நிற்கிறது என்று கேட்டார். முப்பத்தொன்று என்றேன். அறுக்காதே, கிணற்றடிப் பக்கம் குளிர்ச்சியாக நிற்கிற நாலைந்தை விடு, பூக்கிறதா பார்ப்போம் என்று சொல்லிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.